மூட்டை சுமந்தவர் பக்கத்து ஊர்க்காரர்

(பழனி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பஸ்கள் வந்து பிரியும் செம்பட்டி. ஓய்வுபெற்ற தமிழாசிரியை, முதல் நாவல் வெளிவந்த அவருடைய பழைய மாணவர்.)

சீடன்: டீச்சர், எழுதி முடித்ததும் என் வேலை தீர்ந்ததென்று நினைத்தேன். இப்போது பதிப்பகத்தார் விடுவதாயில்லை. அந்தக் கூட்டத்துக்குப் போனீர்களா, இந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்களா என்று கேட்டபடி இருக்கிறார்கள். என் புத்தகத்தை நானே வாங்கச் சொல்ல நாக்கு கூசுகிறது.

குரு: எதற்குக் கூசுகிறது? விற்பதற்கா, புகழ்வதற்கா?

சீடன்: இரண்டும் ஒன்றுதானே.

குரு: நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகையை இறக்குகிறவர் பூவைப் புகழ்ந்து பேசுகிறாரா என்ன? மூட்டையைப் பிரித்து வைக்கிறார், அவ்வளவுதான். நம்ம சி.சு. செல்லப்பாவை எடுத்துக்கொள். 1912இல் சின்னமனூரில் பிறந்தாலும் வளர்ந்தது வத்தலக்குண்டில், இங்கிருந்து ஒரு பஸ் தூரம். 1959 ஜனவரியில் சென்னையில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினபோது, 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்.

சீடன்: கடையைத் திறக்கும்போதே கதவைச் சாத்துகிற அறிவிப்பு.

குரு: கூட்டம் வேண்டாம் என்றார். ஆள் வேண்டாம் என்று சொல்லவில்லையே! அதே மனிதர்தான் தாம் நடத்திய எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைப் பையில் அடைத்துச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். எழுதியவரே சுமப்பது கௌரவக் குறைச்சல் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சீடன்: இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை மடக்குகிறீர்கள். வீட்டு நகை போனது. அந்த 2000த்தை இதழ் ஒருநாளும் தொடவில்லை. 1970இல் நின்றும் போனது. ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல், எண்பத்தைந்து வயதில், மூன்று பாகமாகத் தாமே அச்சிட்டார். மறுவருஷம் இறந்துபோனார். சாகித்திய அகாதெமி பரிசு 2001இல் வந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது. வறுமையை எனக்கு ஒரு விற்பனை முறையாகச் சொல்லித் தராதீர்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த அவர் மனைவியிடம் யாராவது கேட்டார்களா?

குரு: கேட்கவில்லை. அந்த அம்மாளின் கணக்கை நம் இலக்கிய வரலாறு எழுதாமலே விட்டுவிட்டது. அதற்கு என்னிடமும் பதில் கிடையாது. நீ கடன்படவும் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனி. புத்தகத்தைக் கையில் கொடுத்தவர், படித்தவன் திட்டினால் அதையும் அதே கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். விளம்பரம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதழிலும் அவர் அப்படித்தான்: மாற்றுக்கருத்தை விவாதமாகவே அச்சேற்றினார். திருகோணமலையிலிருந்து இருபது வயது தருமு சிவராமு எழுதினார், பின்னாளில் பிரமிள் என்று நாம் கொண்டாடியவர். வடக்கே எங்கோ வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் எழுதினார். ஆசிரியருக்குப் பணிந்து போகிற பிள்ளைகளா அவர்கள்?

சீடன்: பின்னால் அவரையே வறுத்தெடுத்தார்கள்.

குரு: அதைத்தான் சொல்கிறேன். சுமந்த மூட்டைக்குக் கிடைத்த கூலி அது.

சீடன்: அப்படியென்றால் வருகிற எதிர்வினை எல்லாவற்றுக்கும் எழுத்தாளன் பதில் சொல்லக் கட்டுப்பட்டவனா? திருச்செங்கோட்டில் நடந்ததும் எதிர்வினைதானே? ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. அதை எரித்தது 2014 டிசம்பரில். அடுத்த மாதமே அதை எழுதிய பெருமாள்முருகன், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் எழுதினார்.

குரு: அவரிடம் யாராவது எதையாவது கேட்டார்களா, இல்லை உத்தரவு போட்டார்களா? சில பக்கங்களை நகலெடுத்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். நகல் வாங்கினவருக்கு நாவல் போய்ச் சேரவில்லை, கோபம்தான் போய்ச் சேர்ந்தது. முழுசாகப் படித்தவர் கோபப்பட்டால் உட்கார்ந்து கேட்கலாம். படிக்காதவர் கோபத்துக்கு எதைச் சொல்லிப் பதில் கொடுப்பது? 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது: பிடிக்காதவர் படிக்க வேண்டாம், எழுத்தாளர் எழுதட்டும். தீர்ப்பு இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு. அந்த நாவலை மூடும்போது அதன் நாயகன் காளி என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. கேட்காமல் இருக்க முடியுமா? பெருமாள்முருகன் அதன் தொடர்ச்சியாக இரண்டு நாவல் எழுதினார். ‘ஆலவாய’னில் காளி இறந்துவிடுகிறான். ‘அர்த்தநாரி’யில் பிழைத்திருக்கிறான்.

சீடன்: ஒரு கேள்விக்கு இரண்டு பதில்.

குரு: இரண்டையும் நாவலாகவே சொன்னார். விளக்கக் கடிதம் எழுதவில்லை.

சீடன்: எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, டீச்சர். சின்னாளபட்டியில் தறிக்காரர் வீட்டுப் பெண். நாவலில் அக்கா ஏன் ஊருக்குத் திரும்பவே இல்லை, அவளை வரவிடாமல் செய்தது நீங்கள்தான் என்று சண்டைக்கு வருகிறாள். பதில் எழுத உட்கார்ந்தால் அக்காவின் நியாயம் பக்கம் பக்கமாக நீள்கிறது.

குரு: அந்த நியாயம் நாவலில் இருக்கிறதா?

சீடன்: இப்படி விரித்து இல்லை.

குரு: அப்புறம் அவளுக்கு மட்டும் எதற்குத் தனியாக? மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? உன் புத்தகத்துக்கு நீயே வக்கீலாகப் போகாதே. எந்த இடத்தில் அக்கா திரும்பியிருக்கலாம் என்று அவளையே கேள்.

சீடன்: அவள் காட்டுகிற இடம் சரியாக இருந்துவிட்டால்?

குரு: இருக்கட்டுமே. தறிக்காரர் வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாதா? கடிதத்தில் கேட்காதே, நேரில் போ. சின்னாளபட்டி என்ன சீமையிலா இருக்கிறது? அங்கே நூலகத்தில் நாலு பேரைக் கூட்டச் சொல்லு. அவளும் வரட்டும்.

சீடன்: அது விளம்பரம் ஆகிவிடாதா?

குரு: ஆகட்டும். பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போ. சில்லறையும் வைத்துக்கொள்.

சீடன்: இப்போதெல்லாம் ஜீபேதான், டீச்சர்.