பண்டிகைப் பாரம்

புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வருகிற மகாநவமியன்று, உழவன் ஏரையும், தச்சன் உளியையும், கணக்கன் பேனாவையும், மாணவன் புத்தகத்தையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுப் பூசையில் வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமி வரையில் அவற்றைத் தொடாமல் இருப்பது நம் நாட்டு வழக்கம். ஆண்டு முழுவதும் நமக்காகத் தேய்ந்த கருவிக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுத்து அதன்முன் கைகூப்புகிற இந்தச் சம்பிரதாயத்தைக் காட்டிலும் பண்பட்ட பண்டிகை வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால், அதே வீட்டில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அரிவாள்மணைக்கும் குங்குமம் வைக்கப்படுகிறதே ஒழிய ஓய்வு கிடைப்பதில்லை; சுண்டலும் வடையும் பாயசமும் நைவேத்தியத்துக்கு வேண்டியிருப்பதால், மற்றக் கருவிகள் உறங்குகிற அந்த நாளில்தான் அவை வழக்கத்தைவிட அதிகமாக உழைக்கின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் கைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு தர்ம விசாரம் அடங்கியிருக்கிறது. தீபாவளி, கார்த்திகை, பிள்ளையின் காதுகுத்து, பெற்றோரின் திதி என்று வீட்டில் நிகழும் விசேஷம் ஒவ்வொன்றிலும், கணவன் மந்திரத்தோடும் மணியோடும் மணையில் அமர்ந்திருக்க, மனைவி விடியற்காலை முதல் பட்டினியாக அடுப்பங்கரையில் நின்று, தீபாராதனை வேளையில் மட்டும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்புகிறாள் என்றால், அங்கே நடந்த வழிபாடு யாருடையது? அதன் பலன் யாரைச் சேரும்?

பழைய சாஸ்திரகாரர்கள் இந்தக் கேள்வியை அறியாதவர்கள் அல்லர். கைப்பிடித்த நாள் முதல் கர்மங்களிலும் அவற்றின் புண்ணிய பலனிலும் கணவன் மனைவி இருவருக்கும் கூட்டுரிமையே உண்டென்றும், அவர்களுக்கிடையே பாகப்பிரிவினை என்பதே கிடையாதென்றும் ஆபஸ்தம்பர் தம் தர்மசூத்திரத்தில் ஐயத்துக்கு இடமின்றி விதிக்கிறார். யாகம் செய்ய அதிகாரம் யாருக்கு என்று ஆராய்கிற ஜைமினியின் மீமாம்சா சூத்திரத்து ஆறாம் அத்தியாயமும், யஜமானனும் பத்தினியும் சேர்ந்தே அதற்கு உரியவர்கள் என்று முடிவு கட்டுகிறது. உத்தரகாண்டத்து இராமன் அசுவமேதத்துக்குப் பொன்னால் சீதையைச் செய்து வைத்துக்கொண்டதும் இதுபற்றியே. பலன் பிரிக்கத்தகாதது என்று இவ்வளவு திட்டமாகச் சொல்லியிருக்க, சிரமத்தை மட்டும் பிரித்து அதன் பெரும்பங்கை ஒருத்தி தலையில் ஏற்றியது சாஸ்திரமா, நம் சௌகரியமா என்றால், சாஸ்திரத்துக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சமையலையும் வீட்டுப் பொருள்களைப் பேணுவதையும் மனைவிக்கென்று ஒதுக்கியவர் மனு. ஆயினும், விசேஷ நாளில் அந்த வேலை மும்மடங்காகும்போது ஆண்மகன் திண்ணையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவரும் விதிக்கவில்லை; அதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு முன்மாதிரி இருக்கிறது. விருந்தோம்பல் இருவர் கூடிச் செய்யும் அறமாதலால்தான், கோவலன் பிரிந்திருந்த காலத்தில் அதைத் தான் இழந்துவிட்டதாகக் கண்ணகி சொல்லி வருந்துகிறாள். அந்தக் கூட்டறத்தைக் கண்முன் நடத்திக் காட்டியவர் சேக்கிழார். செல்வமெல்லாம் கரைந்து வறுமையுற்ற இளையான்குடி மாறனார் வீட்டுக் கதவை, மழை கொட்டும் இரவில், பசித்த அடியவர் ஒருவர் தட்டுகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவள் மனைவி. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் தடவித் தடவி வழி கண்டு போய் வாரிக்கொண்டு வருபவர் கணவர். வாசலில் காத்திருந்து அதை வாங்கிச் சேறு போகக் கழுவியவள் விறகில்லை என்கிறாள். அவர் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தள்ளுகிறார். அவள் ஈர நெல்லை வறுத்துக் குற்றி உலையேற்றிவிட்டுக் கறிக்கு என்ன செய்வது என்று கவலைப்பட, அவர் மறுபடியும் வெளியே போய், முற்றாத கீரையைப் பறித்து வந்து கொடுக்கிறார்.

மாறனார் கரண்டி பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால், அந்த இரவு முழுவதிலும் அவர் வெறுமனே இருந்த நிமிஷம் ஒன்றும் இல்லை என்பதையும், ஒவ்வொரு கட்டத்திலும் குறையைக் கண்டு சொல்பவள் அவளாகவும் ஓடி நிறைவேற்றுபவர் அவராகவும் இருப்பதையும் கவனிக்க வேண்டும். பூசை ஒரு பக்கம், அடுக்களை ஒரு பக்கம் என்ற பிரிவே அங்கே இல்லை, அடுக்களையே பூசை. முடிவில் சோதியாய்த் தோன்றிய இறைவனும் அவரைத் தனியே அழைக்காமல், மனைவியோடு தம் உலகுக்கு வரும்படியே அருளுகிறார். சேர்ந்து உழைத்தவர்களுக்குச் சேர்ந்தே பலன் கிட்டியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுக்களையே பூசை என்று சொன்னவுடன், நம்மவர்களில் சிலர் உற்சாகமாகத் தலையாட்டுவார்கள். பெண்ணுக்கு அடுப்பே அக்கினிகுண்டம், அவள் சமைப்பதே வேள்வி, அவள் தனியாக ஜபமோ தியானமோ செய்ய வேண்டிய அவசியமில்லை என்பது அவர்கள் கூறும் சமாதானம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், புண்ணிய தீர்த்தம் எங்கே என்றாலும் முதல் ஆளாய்ப் போய் முழுக்குப் போடுகிற இவர்கள், தங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிற இவ்வளவு பெரிய வேள்வியில் ஒரு தேங்காய் துருவக்கூட முன்வராதது ஏன் என்று நான் யோசித்ததுண்டு. உதவிக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிற புகழ்ச்சி, செலவில்லாத தானம். அடுக்களை ஆணுக்கு உரியதன்று என்பதும் நம்பிப் பேசுகிற பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. திருவரங்கத்து மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்பவர்கள் ஆண்கள். கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் கோட்டையடுப்பு மூட்டி ஆயிரம் பேருக்குச் சமைத்துப்போடும் தவசிப்பிள்ளைகளும் ஆண்களே. இல்லறத்தையே ஏற்காத ரமண மகரிஷி, திருவண்ணாமலை ஆசிரமத்தில் பல வருஷங்கள் விடியுமுன் எழுந்து மற்றவர்களோடு அமர்ந்து காய்கறி நறுக்கினார். அதனால் அவருடைய ஞானத்துக்கு யாதொரு பங்கமும் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

உண்மையான ஆட்சேபம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மகாநவமியன்று காலையில், திடீரென்று வைராக்கியம் பிறந்து கணவன் அடுக்களைக்குள் நுழைந்தால், நீங்கள் கூடத்தில் இருந்தாலே போதும், உள்ளே வந்தால் எனக்கு வேலை இரட்டிப்பாகும் என்று மனைவியே தடுத்துவிடுகிறாள். அதில் நியாயம் இருக்கிறது. உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதையோ, பருப்பு எந்தத் தூக்கில் இருக்கிறது என்பதையோ அறியாதவன், நாழிகை நெருக்கடியில் உதவிக்கு வந்தால் அவனுக்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாகிவிடும். ஆகையால், பண்டிகையில் பங்கெடுக்க விரும்புகிறவன், விசேஷம் ஏதும் இல்லாத ஒரு வாரத்தில், உப்பும் புளியும் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குவதே முறை.