கண்ணீரும் கேள்வியும்

மாண்டோரை நினைந்து அழுவது மாந்தர்க்கு இயல்பு. அவ்வழுகையோடு உயிருள்ளோர் கடமை தீர்ந்துவிடுகிறதா? நாம் ஆராயப்புகும் வினா இதுவே.

1904ஆம் வருஷம் ஜூன் மாதம் 15ந் தேதி, நியூயார்க் நகரத்து ஜெர்மானியக் குடிகள், தங்கள் தேவாலயத்தின் ஆண்டு உல்லாசப் பயணத்திற்காக 'ஜெனரல் ஸ்லோக்கம்' என்னும் நீராவிக் கப்பலில் ஏறினர். அன்று புதன்கிழமை, ஆடவர் வேலைக்குச் சென்றுவிட்டமையால், ஏறியோரிற் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளுமே. கிழக்கு ஆற்றில் செல்கையில் கப்பல் தீப்பற்றியது. தண்ணீர்க் குழாய் அழுத்தந் தாங்காது வெடித்தது. மிதவைச் சட்டைகள் கைபட்டவுடன் கிழிந்து தக்கைத் தூளாய் உதிர்ந்தன. உயிர்காப்புப் படகுகளோ இடம்விட்டு அசையவில்லை. 1,021 பேர் மாண்டனர். இக்கப்பலைத்தான் அதற்கு முந்தின மாதம் சர்க்கார் பரிசோதகர் குறையற்றதெனச் சான்றளித்திருந்தார்!

இதனை விதியென்பார் உளர். தக்கையை உளுக்கச் செய்தது விதியா? 13 ஆண்டுகளாக மாற்றாது வைத்த கஞ்சத்தனமன்றோ? விதியென்னும் சொல் துயருற்றார்க்கு ஆறுதலாகலாம். குற்றமிழைத்தார்க்கோ அது விடுதலைச் சீட்டு. கப்பல் தலைவருக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கம்பெனி முதலாளிகளில் ஒருவரும் சிறை புகவில்லை.

எனினும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயை நோக்கி, "அழுதது போதும், நியாயம் கேள்" என்று சொல்ல நமக்கு வாயில்லை. அவள் அழட்டும். கேட்கவேண்டியவர் ஒன்றும் இழவாத நாமே. இழந்தவர்மேல் அச்சுமையையும் ஏற்றுவது அறமாகாது.

1905இல் கல்லறையில் எழுப்பிய நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தது, தப்பிப் பிழைத்த ஒரு பெண்குழந்தை. விபத்தன்று அதற்கு வயது ஆறு மாதம். அக்குழந்தையே 100 வயது வாழ்ந்து, பிழைத்தோரிற் கடைசியாக, 2004இல் மறைந்தது. இன்று அச்சின்னத்தின்முன் கூடுவோரில் அந்நாளைக் கண்ட கண் ஒன்றுமில்லை. ஆயின், கூடுவது வீணா? வீணன்று. கண்ணீர் வற்றிய பின்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் ஒன்று அறிவோம்: புத்தகத்தில் 'சரி' என்றெழுதுவது எளிது, நேரிற்சென்று பார்ப்பது அரிது. அவ்விரண்டிற்கும் இடையில்தான் அம்மக்கள் மூழ்கினர்.

ஆகையால் அன்பர்களே, எந்த நினைவுக்கல்லின்முன் நிற்க நேரினும் மாலை சாத்துவோம், சாத்திய கையோடு, "பார்த்து எழுதினார்களா, பாராது எழுதினார்களா?" என்றும் கேட்போமாக.