நோன்பு நிலைபெறுமாறு

நாள்தோறும் 16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்துள் உணவு முடிக்கும் வழக்கம் இக்காலத்துப் பரவியுள்ளது. தொடங்குவார் பலர், ஆண்டுக்கணக்காக அதன்கண் நிற்பார் சிலரே. காரணம் யாதெனின், உடல் மெலிதல் ஒன்றையே பயனெனக் கொண்டார்க்கு, எடை குறைதல் நின்றவழி ஊக்கமும் நின்றுவிடுகின்றது. பிரதோஷ விரதியோ எடை நோக்குவானல்லன். திங்கள்தோறும் இருமுறை திரயோதசி வருதலின் நோற்கின்றான். ஆறுமுக நாவலரவர்கள் சைவ வினாவிடையில் உணவை அறவே விடுதலோடு சுருக்குதலையும் விரதத்துள் அடக்கினமை ஈண்டு நோக்கத்தக்கது. ஆகலின் முழுப் பட்டினி இயலாதான் ஒருபொழுது உண்பான், விரதத்தை விடான். (பாரணையில் இரட்டித்து உண்பாரைப் பற்றி யாம் என் சொல்வது!) நீரிழிவுக்கு மருந்துண்பார் மருத்துவரை வினவாது பட்டினி கிடப்பின், சருக்கரை தாழ்ந்து மயங்குதலும் உண்டு. அவர் உரிய பொழுதில் அளவாக உண்டு, மாலையில் நந்தி முன் நின்று வழிபடுதலே அமையும்.