போதையும் உயிரின் சார்பும்

சாராயம், கசிப்பு, கஞ்சா, அபின், இக்காலத்து ஹெரோயின், ஐஸ் முதலியவற்றிற்கு அடிமைப்பட்டான் ஒருவனைப் பாவி என்று தள்ளுதல் தகுமோ, பிணியாளன் என்று பேணுதல் தகுமோ என்னும் வினா நம் ஆசிரியன்மாரிடையே அடிக்கடி எழுகின்றது. இதனைச் சைவசித்தாந்த நெறிநின்று ஆராய்வாம்.

ஒரு பொருளை நுகர்தல் வேறு. அஃதின்றி உடம்பு நிலைகொள்ளாமை வேறு. கேடு கண்டும் விடமாட்டாது அதனையே நாடுதல் வேறு. முதலாவது பெரும்பாலும் இச்சையால் நிகழ்வது. இரண்டாவது உடம்பின்கண் நேர்வது. பன்னாள் மிகக் குடித்தவன் திடீரென நிறுத்துவானாயின் கை நடுங்கும். வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிர்க்கே இடையூறாதலும் உண்டு. ஆதலால் அவனை வீட்டிலே பூட்டிவைத்தல் பிழை. மருத்துவர்பாற் கொண்டுசெல்லுதலே முறை. மூன்றாவது நிலையில் இன்பநாட்டத்திற்கும் தன்னடக்கத்திற்கும் உரிய மூளைப்பகுதிகள் திரிபுறும் என்பர் இக்கால மருத்துவநூலார்.

அற்றேல் அவன்பாற் குற்றமே இல்லையோ எனின், உண்டு. முதன்முதல் எடுத்துப் பருகிய கை அவனதே. கள்ளுண்ணாமையைத் திருவள்ளுவர் தனியதிகாரமாக வைத்தது, அறிவுறுத்தினால் திருந்தற்பாலார் மக்கள் என்பது கருதியன்றோ? எனினும், கட்டுண்டது என்பதுபற்றி எவ்வுயிரையும் சைவம் கைவிடுவதில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பது மெய்கண்டார் மரபு. படிகமானது அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிரும் மலத்தைச் சார்ந்து மயங்கும். அருளைச் சார்ந்து தெளியும். ஆகவே, ஒரு சார்பினின்றும் நீங்குதற்கு மற்றொரு நற்சார்பு வேண்டும். வசைமொழி அச்சார்பு ஆகமாட்டாது.

இதற்கு உலகியற் சான்றும் உளது. வியட்நாம் போரிலே ஹெரோயினுக்கு அடிமைப்பட்டு, 1971ஆம் ஆண்டில் நாடு திரும்பிய அமெரிக்கப் போர்வீரரை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அவருள், திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைநிலை எய்தினோர் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேரே. காரணம் பலவாயினும், போர்க்களச் சார்பு நீங்கி மனையும் சுற்றமும் சார்பானமை அவற்றுள் ஒன்றாம்.

நம் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலும், போரிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்பேரலையிலும் உறவிழந்து, உறக்கம் வேண்டிக் கசிப்பைச் சார்ந்தாரை யாம் அறிவேம். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளில், குடியேன் என்று சபதம் செய்தல் ஒன்றே அமையும் என எண்ணியிருந்தேம். அவ்வெண்ணத்தோடே ஆசிரியத் தொழில் புகுந்த யாம், வகுப்பிலே உறங்கிய மாணவன் ஒருவனைக் “குடிகாரன் மகன்” என்று பலரறிய இகழ்ந்தேம். முன்னாளிரவு தந்தையின் வெறிக்கு அஞ்சித் தாயும் அவனும் அயல்வீட்டுத் திண்ணையிற் கிடந்தமை பின்னரே தெரிந்தது. மறுநாள் தொட்டு அவன் பாடசாலைக்கு வந்திலன். தந்தை சார்ந்தது கசிப்பை. மகனுக்கு எஞ்சியிருந்த சார்பு பாடசாலை. அதனையும் அறுத்தேம் யாமே.

ஆசிரியர்காள்! 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதார்க்கு மதுவும் புகையிலையும் விற்றலை விலக்குகின்றது. அச்சட்டம் கடைவாயிலளவிற் காக்கும். பிள்ளைக்கு நற்சார்பாகி நிற்றல் நம் கடன். குடிப்பவர் வீட்டுப் பிள்ளையை இகழாது அணைத்துக்கொள்வீராக. அதன் தந்தையை மருத்துவர்பால் உய்த்து, தெளிந்தபின் கோயிற்றொண்டிற்கு அழைப்பீராக. மீண்டும் வீழ்வானாயின் மீண்டும் அழைப்பீராக. பலகாற் பிழைத்த நம்மையும் இறைவன் விட்டிலன் அன்றோ?

திருச்சிற்றம்பலம்.