பிசிறு

போன மார்கழியில் ஊருக்குப் போனபோது, நானே பின்னிய மஃப்ளர் ஒன்றை என் சிநேகிதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியதும் அவள் செய்த முதல் காரியம், அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தது. திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். புதுத்துணி கையில் கிடைத்தால் முகப்பை விட்டுவிட்டு உள்தையலைத்தான் பார்ப்போம். விரலால் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தாள். "லூப்பு ஒரு பக்கம் டைட்டு, ஒரு பக்கம் லூசு. எந்தக் கம்பெனி மெஷின் புள்ள இது?" என்றாள். பிறகு பேச்சை நிறுத்தாமலே ஜன்னல் திட்டில் கிடந்த ட்ரிம்மரை எடுத்து, ஓரத்தில் தொங்கிய நூல்முனைகளை நறுக் நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

கைப்பின்னலில் அந்த முனைகளை வெட்டக் கூடாது. ஊசியில் கோத்து, துணிக்குள்ளேயே ஓட்டி மறைக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் ஓரத்திலிருந்து கண் கண்ணாகக் கழன்று வரும். அந்தக் கடைசி வேலை எனக்கு எப்போதுமே சோம்பல். அப்படியே கொண்டுவந்திருந்தேன். "ஐயோ வெட்டாத" என்று நான் கத்துவதற்குள் முடிந்துவிட்டது.

"பிசிறு தொங்குச்சு. கை தானா போயிருச்சு" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"எத்தன நாள் ஆச்சு இதுக்கு?"

"மூணு மாசம். சனி ஞாயிறு மட்டும்."

"அப்ப பீஸ் ரேட்டு என்ன போடலாம்?"

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிற எனக்கு, இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் சமீபத்தில் வந்த சந்தோஷம். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இதில் உள்ள வேடிக்கை எனக்கும் தெரியும். பின்னலாடைக்குப் பேர் போன ஊரில் பிறந்தவள், பின்னுவதற்கு யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாளின் வீடியோவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருப்பூரில் கையால் பின்னுகிற யாரையும் எனக்குத் தெரியாது. 1920களில் ஊருக்குள் பனியன் மெஷின் வந்ததிலிருந்தே இங்கே பின்னல் என்றால் மெஷின்தான். அதன் வட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கும். கையானாலும் மெஷினானாலும் சங்கதி ஒன்றுதான். நெசவில் பாவும் ஊடுமாக இரண்டு வகை நூல் குறுக்கே மறுக்கே போகும். பின்னலில் ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று. ஒரு கண் நழுவினால் அதன் கீழே இருப்பதெல்லாம் ஏணிப்படி மாதிரி இறங்கிவிடும்.

அன்று சாயங்காலம் நான்தான் பழைய கதையை எடுத்தேன். "நாம திண்ணையில ஒக்காந்து பிசிறு வெட்டி வெளையாடுவமே, ஞாபகம் இருக்கா?"

அவள் மஃப்ளரை மடித்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு வெளையாட்டு."

குரலில் கோபம் எதுவும் இல்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு வருடமாக அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஞாபகம் இப்படி. அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீடு. பக்கத்துத் தெருவில் பாத்திரப் பட்டறை. பித்தளையைத் தட்டுகிற சத்தம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே காதில் விழும். 1998, 99 வாக்கில் என் அம்மா பக்கத்துக் கம்பெனியிலிருந்து பீஸ் கட்டுகளை வீட்டுக்கு வாங்கி, பிசிறு வெட்டி, எண்ணித் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தாள். தைத்த பனியனில் தையல் முடிகிற இடமெல்லாம் நூல் தொங்கும். அதை ஒட்ட வெட்டி எடுப்பதுதான் வேலை. திண்ணையில் மலைபோலத் துணி. புதுத்துணிக்கென்று ஒரு வாசம் உண்டு. கட்டிங் வேஸ்ட்டில் நீளமான பட்டையாக எடுத்து இரண்டு கையாலும் இழுத்தால், அது தானாகச் சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடும். அதை முறுக்கிக் கயிறாக்கி ஸ்கிப்பிங் ஆடுவோம். வேஸ்ட்டை உருட்டிப் பந்து செய்வோம். அப்புறம் போட்டி. ஆளுக்கு ஒரு குவியல், யார் முதலில் முடிப்பது என்று. முக்கால்வாசி நாள் நான்தான் ஜெயிப்பேன்.

ஆபீஸில் டீ நேரத்தில் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. மொபைல் இல்லாத காலம், திண்ணை, சிநேகிதி, துணி வாசம். கேட்பவர்கள் முகம் மலரும். எல்லோருக்கும் இப்படி ஒரு திண்ணை வேண்டியிருக்கிறது.

அவள் ஞாபகம் வேறு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். நான் ஜெயித்தது, பாதிப் பிசிறை விட்டுவிட்டு ஓடியதால். நான் எழுந்து போன பிறகு என் குவியலையும் இழுத்துப்போட்டு அவள் மறுபடி வெட்டுவாள். ஏனென்றால் செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்தால் கணக்கில் பிடிப்பார்கள், அவளுக்குச் சேர வேண்டியதிலும் குறையும். "உனக்குக் கொறஞ்சா என்ன? உங்கம்மா தோச போட்டிருக்கும்" என்றாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. பீரோவுக்கு அடியில் அந்தக் கணக்கு நோட்டுகள் இரண்டு இன்னும் இருந்தன. தேதி, பெயர், டஜன். அவள் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. என் தொழிலில், லாகில் பதிவாகாதது நடக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம். நான் அங்கே வேலை செய்யவே இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. என்னை யாரும் எண்ணவில்லை. அதனால் எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

"அவளுக்குக் குடுக்காம இருந்தனா? சனிக்கெழமையானா அவங்கம்மா கையில எண்ணிக் குடுத்தேன்" என்றாள் அம்மா. நான் எதுவும் சொல்லாமலே சொன்னாள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்று தேடினேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு அதில் விலக்கு இருந்தது. 2016இல் திருத்தியபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஆனது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. இன்றைய சட்டத்தை எடுத்துப்போய் அந்தத் திண்ணையை அளந்தால், அம்மாவுக்கு உதவிய மகள் நான். குழந்தைத் தொழிலாளி அவள். ஒரே திண்ணை, ஒரே மாதிரி ட்ரிம்மர், நடுவில் ஒரு முழம் இடைவெளி.

எட்டாவது முடித்ததும் அவள் கம்பெனிக்குப் போனாள், டெய்லருக்குக் கைமடியாக. நான்கு வருடம் கழித்து நான் பொறியியல் கல்லூரிக்குப் போனேன். முதல் வருட ஃபீஸில் ஒரு பங்கு அந்த ஜாப் ஒர்க் காசு. எவ்வளவு பங்கு என்று நோட்டை வைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். வந்த எண் சின்னதாக இருந்தால் நிம்மதியாகிவிடுவேன் என்று தெரிந்தது. அந்த நிம்மதி எனக்கு வேண்டாம்.

பத்து வயதுப் பிள்ளைமேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? ஒன்றும் முடியாது. ஆனால் குற்றமில்லை என்பதோடு விஷயம் முடிகிறதா? பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். அவர்மேல் தவறே இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை லாரியில் அடிபட்டுவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் வருத்தம், ஓட்டுநருக்கும் வருத்தம். இரண்டும் ஒரே வருத்தம் இல்லை என்கிறார் வில்லியம்ஸ். "உன்மேல் தப்பில்லை" என்று நாம் ஓட்டுநரைத் தேற்றுவோம். அவரோ சட்டென்று தேறிவிட்டால் அவரைப் பற்றி நமக்கே ஒரு மாதிரியாக இருக்கும். என் கதையில் யாரும் சாகவில்லை. இருந்தாலும் அந்தத் திண்ணைக்கு நான் வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை.

ஷரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004இல் 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்' என்றொரு புத்தகம் எழுதினார். தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள், தங்கள் உயர்வுக்குக் காரணமாகத் தங்கள் சொந்த உழைப்பையே சொல்வதை அதில் ஆராய்கிறார். எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பேச்சு பழக்கமானது. கையில் ஒன்றுமில்லாமல் வந்தேன், ராப்பகலாக உழைத்தேன், இன்றைக்கு இப்படி இருக்கிறேன். பொய் இல்லை. என் அம்மா முதலாளி ஆகவில்லை. ஆனாலும் "கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சேன்" என்று அவள் சொல்வதும் அதே வாக்கியம்தான், அதுவும் முழு உண்மை. அந்தக் கஷ்டத்தில் வேறு யார் விரல்கள் இருந்தன என்று கேட்டால் மட்டும் வாக்கியம் கொஞ்சம் நெளிகிறது. சிநேகிதியின் அப்பா 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார். எங்கள் வீட்டில் அந்த வருடத்தைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. ஒரே ஊரின் அடுத்தடுத்த வீடுகள்.

இதையெல்லாம் யோசித்துக் குழம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டேன். முதல் நாள் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு அசந்து படுத்திருந்தவள். ஓவர்லாக் டெய்லர் அவள் இப்போது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கோபம் வந்தது.

"நீ மன்னிப்புக் கேட்டா நான் இப்ப என்ன பண்ணோணும்? வீட்ல அப்ப இருந்த சண்டையில எனக்கு நல்லா இருந்த ஒரே எடம் உங்க திண்ணைதான். சிரிச்சமா இல்லியா? அதையும் வேல, கொடுமைன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிருவியா?"

என் குற்றவுணர்ச்சிக்குள் இப்படி ஒரு திருட்டு இருந்ததை நான் பார்க்கவே இல்லை. முதலில் அவளுடைய வேலையை என் விளையாட்டாக்கிக் கதை சொன்னேன். இப்போது அவளுடைய சிரிப்பையும் வேலையின் கணக்கில் எழுதப் போயிருந்தேன். இரண்டு தடவையும் நோட்டு என் கையில்தான்.

அதற்காக, அவள் சிரித்தாள் என்பதைத் தூக்கிக்கொண்டு போய் எனக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளவும் முடியாது. பிள்ளைகள் எங்கே உட்காரவைத்தாலும் விளையாடத்தான் செய்யும். சாக்கடைத் தண்ணீரிலும் காகிதக் கப்பல் விடும். பிள்ளை சிரித்தது என்பதால் உட்காரவைத்தது சரி என்று ஆகாது. ஊரில் இன்றும் சிலர் "அந்தக் காலத்துல பசங்க சந்தோஷமாத்தான் வேல செஞ்சாங்க" என்கிறார்கள். அந்த வாக்கியத்தை அவள் சொல்லலாம். நான் சொல்லக் கூடாது.

அவிஷாய் மர்கலித் 'எதிக்ஸ் ஆஃப் மெமரி' என்ற புத்தகத்தில் (2002) பொதுவான ஞாபகத்தையும் பகிர்ந்த ஞாபகத்தையும் பிரிக்கிறார். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் அவரவர் தலைக்குள் வைத்திருந்தால் அது பொதுவானது மட்டும்தான். பகிர்ந்தது ஆக வேண்டுமானால் பேச வேண்டும். நீ நின்ற இடத்திலிருந்து தெரிந்ததையும் நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததையும் சேர்த்துக் கோக்க வேண்டும். இருபத்தைந்து வருடச் சிநேகிதத்தில் எங்களுக்குப் பகிர்ந்த ஞாபகம் ஒன்றுகூட இருக்கவில்லை என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது. நான் சொல்வேன், அவள் கேட்பாள். அவ்வளவுதான் நடந்துகொண்டிருந்தது.

அதனால் இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் ஃபோனில் அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். நடுவில் வெளிநாட்டுக்காரர்கள் வரும் இடங்களில் கொட்டாவி விட்டாள். சில திருத்தங்கள் சொன்னாள். ஸ்கிப்பிங் கயிறு முறுக்கியது அவள், நான் இல்லை. நான் எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. ஒருநாள் திடீர் மழையில் பீஸ் நனையாமல் இருக்க, கட்டுகளைச் சுவர் ஓரம் அடுக்கி இரண்டு பேரும் மேலே படுத்துக்கொண்டோமாம். சூடாக இருந்ததாம். அப்படியே தூங்கிப்போனோமாம். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

மஃப்ளர் என்ன ஆனது என்று கேட்டேன். ஓரத்திலிருந்து நாலு வரிசை பிரிந்துவிட்டதாம். ஓவர்லாக்கில் ஒரு ஓட்டு ஓட்டி நிறுத்திவிட்டாளாம். விடிகாலையில் கம்பெனி வண்டிக்கு நிற்கும்போது அவள் மகள் சுற்றிக்கொண்டு போகிறாள்.

"இன்னொண்ணு எழுதோணும்" என்றாள் வைப்பதற்கு முன். "போட்டியில ஜெயிச்சது நான்."

எழுதிவிட்டேன்.