களையா, காணிக்கையா?

விநாயக சதுர்த்தி நெருங்கும் நாள்களில், மும்பை மாதுங்காவில் ஆஸ்திக சமாஜக் கோயிலை ஒட்டிய பூக்கடைகளில் மல்லிகைக்கும் தாமரைக்கும் இணையாக அருகம்புல்லும் இடம்பெறும். தமிழர் அருகு என்பதை மராட்டியர் தூர்வா என்பர். இருபத்தொன்றாக எண்ணிக் கட்டி, யானைமுகனுக்குச் சாத்துவது இரு சாராருக்கும் பொதுவான வழக்கம். அனலாசுரனை விழுங்கிய பெருமானின் உள்வெப்பத்தை இப்புல்லே தணித்தது என்பது புராணம்.

இதே புல் கரும்பு வயலில் முளைத்தால், அங்கு அதன் பெயர் களை. கலப்பை அதைத் துண்டாக்கினால் ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகத் தழைக்கும். உலகின் மிகக் கொடிய களைகளுள் ஒன்றென வேளாண் அறிஞர் இதைக் கருதுகின்றனர். ஓரிடத்தில் பிடுங்கி எறியப்படுவது, மற்றோரிடத்தில் இறைவனின் திருமுடி ஏறுகிறது. அவ்வாறாயின் அருகின் உண்மையான மதிப்புதான் என்ன?

களை என்பது புல்லின் குணமன்று. மனிதனின் தேவை அதற்கு இட்ட பெயர். பயிரைக் காக்க உழவர் களையெடுப்பதில் தவறில்லை. ஆனால், 'எனக்கு இங்கே வேண்டாதது எங்குமே வேண்டாதது' என்று முடிவு கட்டுவதே பிழை. மனிதன் பெயரிடுவதற்கு முன்பே அருகு தன் பணியைச் செய்து வந்திருக்கிறது. தரையோடு படரும் தண்டாலும், மண்ணுள் ஓடும் தண்டாலும் அது மண்ணை இறுகப் பற்றுகிறது, மழைநீரின் வேகத்தைத் தடுத்து நிலத்துள் இறங்கச் செய்கிறது, ஆடுமாடுகளுக்கு உணவாகிறது. கோடையில் காய்ந்து மடிந்ததுபோல் தோன்றினும், முதல் மழையில் மீண்டும் துளிர்க்கிறது.

அருச்சனைக்குக் கிள்ளப்படுவது அதன் நுனி மட்டுமே. கணுக்களும் வேரும் மண்ணில் எஞ்சியிருப்பதால் புல் மீண்டும் வளர்கிறது. கொடுப்பதை அழிக்காமல் பெறுவது எப்படி என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா? ஆனால் வேர் நிற்க மண் வேண்டுமே! செம்பூரிலும் மாதுங்காவிலும் குடியிருப்பு வளாகங்கள் பலவற்றில் 'பேவர் பிளாக்' எனப்படும் சிமென்ட் கற்கள் மண்ணை மூடிவிட்டன. முதியோர் சேற்றில் வழுக்காமல் நடக்க வேண்டும், வாகனங்கள் நிற்க வேண்டும் என்பன நியாயமான தேவைகளே. எனினும் மூடிய தரை மழையைக் குடிப்பதில்லை. அருகில் உள்ள தாழ்வான பகுதிக்குத் தள்ளிவிடுகிறது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரைபுரண்டது. அத்தகைய பெருமழையை எந்தப் புல்வெளியும் தாங்கியிராது. குறுகிய ஆறும், அடைபட்ட வடிகால்களும், கடலின் ஏற்றமும் அதற்குக் காரணங்கள். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் பெய்யும் சாதாரண மழைக்கு, திறந்த மண் ஓரளவேனும் வழிவிடும். மேட்டில் இருப்பவர் தம் வசதிக்காக மூடும் தரையின் விலையைப் பள்ளத்தில் இருப்பவர் செலுத்துவது அறமாகுமா?

ஆகவே அருகு எழுப்பும் கேள்வி பூஜையறையோடு முடிவதில்லை. நுனியை இறைவனுக்குக் கொடுப்பவர், வேருக்கு நிலத்தையும் விட்டுவைக்கக் கடமைப்பட்டவர். வளாகம் முழுவதையும் மூடாமல், சுற்றுச்சுவரின் ஓரமாக இரண்டடி அகலத்தில் வெயில் படும் மண்ணை விட்டுவைத்தாலும் போதும். அங்கே அருகு தானே வந்து படரும்.