ஒரு டப்பா, ஓர் ஊசித்துளை

லென்ஸ் இல்லாமல் படமெடுக்கும் கருவி ஊசித்துளைக் கேமரா. வெளிச்சம் புகாத ஒரு டப்பா, அதன் ஒரு பக்கத்தில் ஊசிமுனை அளவுத் துளை, துளைக்கு எதிரே ஒளிபட்டால் கறுக்கும் தாள். இந்த மூன்றும் போதும். பள்ளிப் பிள்ளைகள் எண்ணெய்த் தாள் ஒட்டி, மெழுகுவர்த்திச் சுடரைத் தலைகீழாகப் பார்க்கும் அட்டைப் பெட்டியும் இதுவே. எண்ணெய்த் தாள் இருந்த இடத்தில் புகைப்படத் தாளை வைத்தால், பார்த்த காட்சி நிலைத்துவிடும்.

வெறும் சுவரில் படம் எதுவும் தெரிவதில்லை. எதிரே நிற்கும் தென்னையின் உச்சியிலிருந்தும், அடியிலிருந்தும், வானத்திலிருந்தும், தெருவிலிருந்தும் வெளிச்சம் வந்து சுவரின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றோடொன்று கலந்து விழுகிறது. குறையாக இருப்பது வெளிச்சமல்ல. கூடிப்போனதால்தான் படம் தெரிவதில்லை. சுவருக்கு முன்னால் சிறு துளையிட்ட தடுப்பு ஒன்று வந்தால், கலக்கம் தீர்கிறது. ஒளி நேர்க்கோட்டில் செல்வதால், தென்னை உச்சியின் வெளிச்சம் துளை வழியே இறங்கிக் கீழே விழுகிறது. அடிமரத்தின் வெளிச்சம் ஏறி மேலே விழுகிறது. மரம் தலைகீழாகத் தெரிகிறது. துளை ஒளியை வளைப்பதுமில்லை, கூட்டுவதுமில்லை. வேண்டாததை மறித்துவிடுகிறது, அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இயற்கையில் இது ஓயாமல் நடக்கிறது. மரத்தடியில் விழும் வெளிச்சப் பொட்டுகள் பெரும்பாலும் வட்டமாக இருப்பதற்கு, அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம் என்பதே காரணம். சூரிய கிரகணத்தன்று அத்தனை பொட்டுகளும் பிறைகளாகிவிடும். ஹம்பி விருபாட்சர் கோயிலில், சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ராஜகோபுரத்தின் நிழலுரு, இருண்ட அறையொன்றின் சுவரில் சிறு திறப்பின் வழியே தலைகீழாக விழுகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம் பல விளக்குகளை ஒரு துளைக்கு எதிரே வைத்து ஆராய்ந்தார். இருட்டறைச் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே ஓர் ஒளித்திட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய திட்டு மட்டும் மறைந்தது. ஒரே துளையில் நுழைந்தாலும் ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று குழப்புவதில்லை என்பது இதில் தெளிவாயிற்று. இத்தகைய அறைக்கு 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற லத்தீன் பெயரை 1604-இல் வழங்கியவர் வானியலாளர் கெப்ளர். அதன் பொருள் இருண்ட அறை. இன்று செல்போன் வரை ஒட்டிக்கொண்டிருக்கும் 'கேமரா' என்ற சொல்லுக்கு அறை என்பதே மூலப்பொருள்.

கேமரா செய்ய, மூடி இறுக்கமாகப் பொருந்தும் பால் பவுடர் டின் ஏற்றது. உட்புறத்திலும் மூடியிலும் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் பூசப்பட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் எதிரொளித்துப் படத்தை மங்கச் செய்யும். டின்னின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஓட்டை வெட்டப்படுகிறது. இது ஊசித்துளை அல்ல. ஊசித்துளைத் தகடு ஒட்டுவதற்கான இடம். குளிர்பான கேனிலிருந்து கத்தரித்த மெல்லிய அலுமினியத் துண்டை அட்டைமேல் வைத்து, தையல் ஊசியின் நுனியால் மெதுவாகத் திருகினால் மறுபுறம் சிறு மேடு எழும்பும். அதை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் ஊசியால் திருகி, பிசிறு போகும்வரை தேய்க்க வேண்டும். துளை வட்டமாகவும் விளிம்பு சுத்தமாகவும் இருந்தால்தான் படம் தெளியும். தகட்டைக் கறுப்பு டேப்பால் உள்ளிருந்து ஒட்டி, வெளியே இன்னொரு டேப் துண்டைக் கதவுபோல் ஒட்டினால், அதுவே ஷட்டர்.

துளை பெரிதானால் கலக்கம் திரும்பி வந்து படம் மங்கும். அதனால் துளை சிறுக்கச் சிறுக்கப் படம் தெளிந்துகொண்டே போகும் என்று தோன்றும். ஓர் எல்லைவரை அது உண்மை. அதைத் தாண்டினால், நுண்ணிய துளையின் விளிம்பில் ஒளி அலைகள் விரிந்து பரவி, படம் மறுபடியும் மங்குகிறது. இரண்டுக்கும் நடுவே பொருத்தமான அளவைக் கணக்கிட்டு, ரேலே என்ற ஆங்கில இயற்பியலாளர் 1891-இல் வெளியிட்டார். துளைக்கும் தாளுக்கும் இடையே 5 சென்டிமீட்டர் தூரம் இருந்தால் துளை சுமார் 0.3 மில்லிமீட்டர், 10 சென்டிமீட்டருக்கு 0.4-க்குச் சற்று மேல். 20 சென்டிமீட்டருக்கு 0.6. தூரம் நான்கு மடங்கானால் துளை இரண்டு மடங்கு என்பதே இதன் கணக்கு.

தாள் வைப்பதும் எடுப்பதும் இருட்டறையில்தான். ஸ்டுடியோக்கள் பிரிண்ட் போடப் பயன்படுத்திய கறுப்பு வெள்ளைப் புரோமைடு தாளைச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகப் பாதிக்காது. எனவே மங்கலான சிவப்பு விளக்கு போதும். தாளின் பூச்சுள்ள பக்கம் துளையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு டின்னை அசையாத இடத்தில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்து, டேப்பைத் திறக்க வேண்டும். நல்ல வெயிலில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். மேகமூட்டத்தில் பல நிமிடங்கள். சாதாரணக் கேமரா நொடியின் சிறு பகுதியில் பெறும் வெளிச்சத்தை இந்தத் துளை சொட்டுச் சொட்டாகவே உள்ளே விடுகிறது. முதல் படத்தில் சரியான நேரம் அமைவது அரிது. படம் அதிகம் கறுத்தால் நேரத்தைக் குறைத்து, வெளுத்தால் கூட்டி, இரண்டு மூன்று தாள்களில் அளவு பிடிபட்டுவிடும்.

கழுவும் முறை பழைய ஸ்டுடியோக்களின் முறையே. தாள் டெவலப்பரில் ஒன்றிரண்டு நிமிடம் கிடக்க, வெள்ளைப் பரப்பில் உருவம் மெல்ல எழும். அடுத்து நீர்; அதன்பின் படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ கரைசல்; கடைசியில் ஓடும் தண்ணீரில் அலசல். கிடைப்பது நெகட்டிவ்: வானம் கறுப்பு, நிழல் வெள்ளை, இடவலமும் மாறியிருக்கும். அதைப் புதிய தாளின் மேல், பூச்சும் பூச்சும் ஒட்டுமாறு வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில நொடி விளக்கைக் காட்டிக் கழுவினால் நேர்ப்படம் கிடைக்கும், இடவலமும் சரியாகிவிடும். நெகட்டிவைச் செல்போனில் எடுத்து மாற்றுவோர், கறுப்பு வெள்ளையோடு இடவலத்தையும் மாற்ற வேண்டும்.

இந்தப் படங்களுக்கென்று தனிக் குணங்கள் உண்டு. காலடிப் புல்லும் தொலைவு மலையும் ஒரே தெளிவில் விழும். குவியத்தூரம் சரிபார்க்கும் வேலையே இல்லை. ஆனால் எதுவும் கத்திமுனைக் கூர்மையோடு இருக்காது. டின்னின் வளைவில் தாள் ஒட்டியிருப்பதால் நேரான கட்டடங்கள் வளைந்து தெரியும். சிவப்புச் சேலை கறுப்பாகப் பதியும். ஓடும் நீர் பனிப்புகைபோல் படியும். நடந்துபோனவர்கள் படத்தில் இருக்கமாட்டார்கள். நின்றவர்கள் மட்டுமே இருப்பார்கள். பரபரப்பான கடைத்தெருவும் ஆளற்றுக் கிடக்கும்.

காத்திருக்கும் நேரத்தை நீட்டினால் சூரியனின் பாதையே பதியும். டின்னைத் தெற்கு வானம் நோக்கிக் கட்டிவைத்து மாதக்கணக்கில் விட்டுவிடும் முறை ஒன்று உண்டு. அதில் தாள் கழுவப்படுவதில்லை. வெயிலே கறுக்கச் செய்த தாள் ஸ்கேன் செய்யப்படுகிறது. ஒவ்வொரு நாளும் சூரியன் வானில் இழுக்கும் வளைகோடு தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மேகம் மறைத்த பொழுதில் கோடு அறுந்திருக்கும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012-இல் ஒரு மாணவி பீர் கேனில் செய்து மாட்டிய கேமரா மறந்தே போய், 2020-இல் கண்டெடுக்கப்பட்டது. உள்ளிருந்த தாளில் 2,953 சூரியக் கோடுகள் பதிந்திருந்தன. மேலே உள்ள கோடுகள் கோடையின் நெடும்பகல்கள். கீழே உள்ளவை குளிர்காலத்தின் குறும்பகல்கள்.

2001 முதல், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பல நாடுகளிலும் டப்பாக்களின் டேப்புகள் திறக்கப்படுகின்றன. துளை வழியே சூரியனை நேராகக் கண்ணால் பார்க்கக்கூடாது என்பது மட்டும் மீறக்கூடாத விதி. மற்றதெல்லாம், ஒரு டின்னும் ஓர் ஊசியும் ஒரு தாளும் கொண்டு செய்து பார்க்கக்கூடியவை.